இருநூறு ரூபாய்க் குல்லா

டிசம்பரில் கொடைக்கானல் போகிறவன் ஸ்வெட்டர் எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்பது எல்.கே.ஜி. குழந்தைக்குக்கூடத் தெரியும். எனக்கும் தெரியும். அதனால்தான் மறந்துவிடக் கூடாதென்று முதல் நாள் ராத்திரியே அழகாக மடித்துக் கட்டில் மேல் எடுத்து வைத்தேன். அது பத்திரமாகக் கட்டில் மேலேயே இருக்கிறது என்பது, பஸ் வத்தலக்குண்டைத் தாண்டி மலை ஏற ஆரம்பித்தபோதுதான் ஞாபகத்துக்கு வந்தது!

'சும்மா இருங்க சார், குளிரெல்லாம் மனசுலதான்' என்றார் பக்கத்து சீட் நண்பர். பஸ்ஸில் மட்டுமில்லை, ஆபீஸிலும் அவர் எனக்குப் பக்கத்து சீட். அவர் ஸ்வெட்டர், மஃப்ளர், சாக்ஸ் எல்லாம் போட்டுக்கொண்டு இந்தத் தத்துவத்தைச் சொன்னார் என்பதைக் கவனிக்கவும்.

எனக்கு மதுரை உடம்பு. எங்கள் ஊரில் மார்கழிக் குளிர் என்றால் ஃபேனை அஞ்சிலிருந்து மூணுக்குக் குறைப்பது. டம்டம் பாறையில் பஸ் நின்றபோது எதிரே எலிவால் அருவி தெரிந்தது. ஆயிரம் அடிக்குக் கொஞ்சம் குறைவான உயரத்திலிருந்து நிஜமாகவே ஒரு எலி வால் மாதிரிதான் விழுகிறது. எல்லாரும் போட்டோ எடுத்தார்கள். நான் கையை அக்குளுக்குள் வைத்துக்கொண்டு பார்த்தேன்.

இந்த மலை ரோட்டை 1914-ல் திறந்தார்களாம். அதற்கு முன்னால் பெரியகுளம் பக்கத்து அடிவாரத்திலிருந்து நடந்தோ, குதிரையிலோ, டோலியிலோதான் ஏற வேண்டும். 1845-ல் இங்கே முதல் வீடுகளைக் கட்டிய அமெரிக்கப் பாதிரிமார்கள் அப்படித்தான் வந்தார்கள். சமவெளிக் காய்ச்சலுக்கும் வெயிலுக்கும் பயந்து ஓடி வந்தவர்கள். நான் குளிருக்குப் பயந்து கீழே ஓடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் நாலு மணிக்கே ஏரி மேல் மூடுபனி இறங்கிவிட்டது. 1863-ல் லெவிஞ்ச் என்ற வெள்ளைக்கார கலெக்டர் ஓடைக்குக் குறுக்கே கரை கட்டி உண்டாக்கிய ஏரி. படகுகள் இருப்பதாகச் சத்தத்தை வைத்துத்தான் தெரிந்துகொள்ள முடிந்தது. என் பற்கள் தனியாகத் தாளம் போட்டன. நண்பர் என்னை இழுத்துக்கொண்டு ஸ்வெட்டர் கடைகளைத் தேடிப் போனார்.

வரிசையாகக் கடைகள். சிவப்பு, பச்சை, நீலம் என்று ஸ்வெட்டர்கள் தொங்கின. நம் ஊர் மலைவாசஸ்தலங்களிலும் சமவெளி நகரங்களிலும் குளிர்காலத்தில் திபெத்திய அகதிகள் ஸ்வெட்டர் கடை போடுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தச் சரக்கில் பெரும்பகுதி பஞ்சாப் லூதியானாவில் மெஷினில் பின்னியது. கொடைக்கானலில் வாங்கினால் கொடைக்கானலில் செய்தது என்று நாமே நினைத்துக்கொள்கிறோம். கடைக்காரர் பாவம், அப்படி ஒரு வார்த்தைகூடச் சொல்வதில்லை.

கடைகள் முடிகிற இடத்தில், ஒரு பிளாஸ்டிக் ஷீட்டுக்கடியில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். அறுபது வயசு இருக்கும். முன்னால் சாக்கில் பத்துப் பதினைந்து குல்லாக்கள். கையில் இரண்டு ஊசி. எங்களைப் பார்த்தார், மேகத்தைப் பார்த்தார், ரோட்டில் போன நாயைப் பார்த்தார். ஊசியை மட்டும் பார்க்கவே இல்லை. அது பாட்டுக்கு டக் டக் என்று ஓடிக்கொண்டிருந்தது.

பழுப்புக் கலரில் ஒரு குரங்குக் குல்லாவை எடுத்தேன். தலை, காது, கழுத்து எல்லாம் மூடி, முகத்துக்கு மட்டும் ஜன்னல் வைத்தது.

'என்ன விலைம்மா?'

'முந்நூத்தம்பது தம்பி. கையால பின்னினது.'

நண்பர் என்னை ஓரமாகத் தள்ளினார். பேரம் பேசுவதில் அவர் டாக்டர் பட்டம் வாங்காத குறை. ஒரு தடவை பஸ் கண்டக்டரிடமே பேசிப் பார்த்தவர்.

'நூத்தைம்பது.'

'கட்டாது சாமி.'

'அந்தக் கடையில மெஷின் குல்லா நூத்தைம்பதுதான். மெஷினே அந்த விலைக்குக் குடுக்குது. கரண்ட் செலவு இல்லாத உங்களுக்கு என்ன?'

இந்த வாதத்தை நான் அப்போது ரொம்ப ரசித்தேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். போவது மாதிரி நாலு அடி நடந்தோம். 'சரி, இருநூறு குடுங்க. மழை வர்ற மாதிரி இருக்கு' என்றார் அந்த அம்மா. நண்பர் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். 150 ரூபாய் லாபம். அதில் ஆளுக்கொரு பிளேட் மிளகாய் பஜ்ஜியும் டீயும் சாப்பிட்டுவிட்டு ரூமுக்குப் போனோம்.

குல்லா என் உயிரைக் காப்பாற்றியது. டிசம்பர், ஜனவரி ராத்திரிகளில் இங்கே சர்வசாதாரணமாகப் பத்து டிகிரிக்குக் கீழே போகும். ஏரியைச் சுற்றிப் புல்வெளியில் உறைபனிகூடப் படியும். ரூமில் இருந்த கம்பளியை நண்பர் முழுசாகச் சுற்றிக்கொண்டு, குளிரெல்லாம் மனசுலதான் என்பதை நிரூபித்தபடி தூங்கினார்.

மறுநாள் காலை மன்னவனூர் கிளம்பினோம். கொடைக்கானலிலிருந்து மேற்கே சுமார் முப்பத்தைந்து கிலோமீட்டர். வழியில் பூம்பாறை. படிப்படியான வயல்களில் பூண்டு நிற்கிறது. புவிசார் குறியீடு வாங்கிய கொடைக்கானல் மலைப்பூண்டு இதுதான். அதைத் தாண்டினால் திடீரென்று மரங்கள் விலகி, பச்சைக் கம்பளம் விரித்த மாதிரி மேடும் பள்ளமுமாகப் புல்வெளி. சினிமாவில் ஹீரோயின் ஓடிவருவாளே, அப்படி ஒரு இடம். எங்களுக்கு ஓடி வந்தவை செம்மறியாடுகள்.

ராஜஸ்தானில் அவிகாநகர் என்ற ஊரில் மத்திய செம்மறியாடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. அதன் தென்மண்டல மையம் 1965-லிருந்து நம் மன்னவனூரில் இயங்குகிறது. பாரத் மெரினோ என்று ஒரு ஜாதி ஆடு. ராஜஸ்தானத்து சோக்லா, நாலி ஆடுகளோடு வெளிநாட்டு ராம்பூலே, மெரினோ கிடாக்களைக் கலந்து உண்டாக்கியது. முயல்களும் வளர்க்கிறார்கள். வொயிட் ஜயன்ட் ஒன்று, சோவியத் சின்சில்லா ஒன்று. சோவியத் யூனியன் 1991-ல் கலைந்து போனாலும், பழனி மலையில் ஒரு கூண்டில் சோவியத் பத்திரமாகக் கேரட் தின்றுகொண்டிருக்கிறது!

ஆடு காட்டியவர் நல்ல மனுஷர். ஒரு ஆட்டின் முதுகு மயிரை விரலால் பிரித்துக் காட்டினார். வெளியே அழுக்குச் சாம்பல். உள்ளே வெண்ணெய் மாதிரி வெள்ளை. நம் தலைமுடியின் தடிமன் 70 மைக்ரான் என்றால் நல்ல மெரினோ இழை 20 மைக்ரானை ஒட்டித்தான் இருக்கும். அதனால்தான் உடம்பில் குத்துவதில்லை. இழை நேராக இல்லாமல் சுருள் சுருளாக இருக்கிறது. அந்தச் சுருள்களுக்கு நடுவே காற்று மாட்டிக்கொள்கிறது. அசையாத காற்று சூட்டை வெளியே விடாது. அதாவது, நம்மைக் குளிரிலிருந்து காப்பாற்றுவது கம்பளி பிடித்து வைத்திருக்கிற காற்றுதான். அதோடு தன் எடையில் கிட்டத்தட்ட முப்பது சதவீதம் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டாலும் தொட்டால் ஈரம் தெரியாதாம்.

நான் பெருமையாக என் குல்லாவைக் கழற்றிக் காட்டினேன். 'இதுவும் கம்பளிதானே சார்?'

அவர் தடவிப் பார்த்துச் சிரித்தார். 'ஒரு இழை பிச்சுப் பத்த வைங்க. மயிர் பொசுங்கற நாத்தம் வந்து சாம்பலாக் கையில உதிர்ந்தா கம்பளி. உருகிக் கறுப்பா மணி மாதிரி கெட்டியானா அக்ரிலிக்.'

வெளியே வந்து ஓரத்திலிருந்து ஒரு இழையைப் பிய்த்து, நண்பரின் லைட்டரில் காட்டினேன். உருகிக் கறுப்பு மணியாக உட்கார்ந்தது. பெட்ரோலிய சமாச்சாரம்!

'பாத்தீங்களா? நாம பேரம் பேசினது சரிதான். ஏமாத்திருச்சு கிழவி' என்றார் நண்பர்.

திரும்பி வருகிற பஸ்ஸில் எனக்குக் கோபம் கொதித்ததில் குளிரே தெரியவில்லை. சாயங்காலம் நேராக அந்தப் பிளாஸ்டிக் ஷீட்டுக்கு முன்னால் போய் நின்றேன்.

'ஏம்மா, இது கம்பளி இல்லையாமே?'

அவர் ஊசியை நிறுத்தவில்லை. 'நான் எப்பத் தம்பி கம்பளின்னேன்? கையால பின்னினதுன்னுதான் சொன்னேன். சுத்தக் கம்பளி நூலு வெலை தெரியுமா உங்களுக்கு? அதுல பின்னி இருநூறுக்குக் குடுத்தா நான் பூண்டுக் காட்டுக்கே போயிரலாம்.'

'மன்னவனூர்ல இவ்வளவு ஆடு மேயுதேம்மா?'

'ஆடு மேஞ்சா ஆச்சா? மயிரைக் கழிச்சு, அலசி, சீவி, நூலாக்க வேணாமா? அதுக்கெல்லாம் மில்லு வேணும். அது கவர்மென்ட்டு ஆராய்ச்சி ஆடு, நம்ம குல்லாவுக்கு வளர்க்கறதில்ல. எனக்குக் கடையில வர்றது இந்த உல்லன் நூலுதான். ஒரு குல்லாவுக்கு ரெண்டு உருண்டை. தொண்ணூறு ரூவா.'

கோபமாகப் போன எனக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை. சொன்னதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது. அசடு வழிய நின்றவன், அதை மறைக்க, 'எனக்கும் கொஞ்சம் சொல்லித் தர்றீங்களா?' என்று கேட்டுவிட்டேன்.

'ஆம்பளப் புள்ளைக்கு இது எதுக்கு?' என்று சிரித்தார். ஆனாலும் கையிலிருந்த பின்னலைத் தொடையில் வைத்துவிட்டு, சாக்குக்கடியிலிருந்து ஒரு ஜோடி ஊசி எடுத்தார். சின்ன வயசில் கன்னியாஸ்திரிகள் கற்றுக் கொடுத்ததாம். 'எனக்கு அடி வாங்கி வந்துச்சு. உங்களை அடிக்க முடியாது. பாத்துக்குங்க.'

ஆம்பளைக்கு எதற்கு என்று நீங்களும் கேட்கலாம். பெரு நாட்டில் டிட்டிகாகா ஏரிக்குள் தாக்கிலே என்று ஒரு தீவு. அங்கே குல்லா பின்னுவது ஆண்களின் வேலை. பையன்கள் சின்ன வயசிலேயே கற்றுக்கொண்டுவிடுகிறார்கள். 2005-ல் யுனெஸ்கோவே அந்தத் துணிக் கலையை மனிதகுலத்தின் பாரம்பரியச் செல்வம் என்று அறிவித்தது. கையால் பின்னுவதற்குப் பதிலாக முதல் மெஷினை 1589-ல் கண்டுபிடித்த இங்கிலாந்துக்காரர் வில்லியம் லீயும் ஒரு ஆண்பிள்ளைதான். அந்த மெஷினின் கொள்ளுப்பேரன்கள்தான் இன்றைக்குத் திருப்பூரில் ஓடுகின்றன. நம்பிக்கை இல்லையென்றால் உங்கள் பனியனை விரித்து உற்றுப் பாருங்கள். வரிசை வரிசையாகக் குட்டிக் குட்டி 'வி' தெரியும். என் குல்லாவிலும் அதே 'வி'தான், கொஞ்சம் பெரிய சைஸில். 'பின்னலாடை' என்று பெயர் வைத்துவிட்டுத்தான் பின்னுவது பொம்பளை வேலை என்கிறோம்!

அந்த அம்மா சொல்லித் தந்ததை உங்களுக்கும் சொல்கிறேன். மஃப்ளருக்கு 200 கிராம் நடுத்தர உல்லன் நூல். எட்டாம் நம்பர் ஊசி ஒரு ஜோடி, அதாவது 4 மில்லிமீட்டர். நம்பர் ஏற ஏற ஊசி மெலியும், ஏமாந்துவிடாதீர்கள். இடது கை ஊசியில் நாற்பது வளையங்கள் ஏற்றிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு வளையமும் ஒரு கண்ணி. வலது ஊசியைக் கண்ணிக்குள் நுழை, நூலைச் சுற்று, உள்ளேயிருந்து இழு, பழைய கண்ணியைக் கழற்றிவிடு. அவ்வளவுதான். நாற்பதும் வலது ஊசிக்கு வந்ததும் கையை மாற்றிக்கொண்டு மறுபடி அதே வேலை. அஞ்சு அடி நீளம் வரும்வரை.

'நூலை இறுக்கிப் புடிக்காதீங்க. கோவத்துல பின்னினா இறுகிப் போயிரும், அடுத்த வரிசையில ஊசி நுழையாது. வரிசை முடிச்சதும் எண்ணுங்க. ஒரு வரிசையைப் பாதியில வச்சிட்டு எந்திரிக்காதீங்க' என்றார். இருபது நிமிஷம். காசு எதுவும் கேட்கவில்லை. பஜாரில் ஊசியும் நூலும் வாங்கிக்கொண்டு ரூமுக்குப் போனேன்.

ராத்திரி எட்டு மணிக்கு ஆரம்பித்தேன். நண்பர் கம்பளிக்குள்ளிருந்து 'எத்தனாவது மாசம்?' என்றார். நான் கண்டுகொள்ளவில்லை. பதினோரு மணிக்கு நிமிர்ந்தபோது கழுத்து பிடித்துக்கொண்டது. விரல் நுனி எரிந்தது. 24 வரிசை முடித்திருந்தேன். உயரம் இரண்டரை அங்குலம். ஒரு பூனைக்குக்கூடக் கழுத்தைச் சுற்றி வராது.

சும்மா இருந்திருக்கலாம். கணக்கு கிளார்க் புத்தி, குல்லாவை எடுத்து மடியில் வைத்து எண்ண ஆரம்பித்தேன். சுற்றிலும் நூறு கண்ணி. உயரம் எழுபத்தைந்து வரிசை. ஏழாயிரத்து ஐந்நூறு கண்ணி. நான் மூன்று மணி நேரத்தில் போட்டது 960. அந்தக் கணக்கில் இந்தக் குல்லாவைப் பின்ன எனக்கு இருபத்து மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். அந்த அம்மா என்னைவிட நாலைந்து மடங்கு வேகம். இருந்தாலும் ஏற்றி, முகத்துக்கு ஜன்னல் வைத்து, ஓரம் கட்டி, நடுநடுவே என் நண்பர் மாதிரி ஆட்களிடம் வாயும் கொடுத்து முடிக்க ஒரு பகல் ஓடிவிடும்.

நான் கொடுத்தது இருநூறு. நூலுக்குத் தொண்ணூறு போனால் மிச்சம் 110. ஒரு பகல் கூலி!

2025-26-ஆம் வருஷத்துக்குத் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அரசாங்கம் அறிவித்த தினக்கூலி 336 ரூபாய். அந்த அம்மா முதலில் கேட்ட 350-ஐயே முழுசாகக் கொடுத்திருந்தாலும் நூல் காசு போக 260-தான் கிடைத்திருக்கும். அதாவது அவர் வாயைத் திறந்தபோதே தன் கூலியை ஏற்கெனவே குறைத்துக்கொண்டுதான் விலை சொல்லியிருக்கிறார். நாங்கள் அதற்குக் கீழே தள்ளி, மிச்சத்தில் பஜ்ஜி சாப்பிட்டோம்.

குல்லாவைப் போட்டுக்கொண்டு படுத்தேன். காது சூடாக இருந்தது. குல்லாவினால் மட்டும் இல்லை.

காலை பஸ்ஸுக்கு முன்னால் ஓடினேன். அவர் அப்போதுதான் சாக்கை விரித்துக்கொண்டிருந்தார். 150 ரூபாயை நீட்டினேன்.

'இது என்ன தம்பி?'

'அன்னிக்குக் குறைச்சுக் குடுத்தது.'

அவர் கையை நீட்டவில்லை. முகம் கொஞ்சம் மாறியது. 'வெலை பேசி முடிச்சது முடிச்சதுதான். நானும் ஒத்துக்கிட்டுத்தானே குடுத்தேன். பின்னால வந்து காசு குடுத்தா அது வேற கணக்குல போயிரும் தம்பி. அது வேணாம்.'

நான் நோட்டோடு நின்றேன். மழையில் நனைந்த கோழி மாதிரி இருந்திருப்பேன் போல. அவரே இரக்கப்பட்டார். 'மனசு கேக்கலேன்னா இன்னொரு குல்லா எடுத்துக்குங்க. கேட்ட வெலைக்கு.'

அப்பாவுக்கு ஒரு நீலக் குல்லா எடுத்தேன். முந்நூற்று ஐம்பதை எண்ணிக் கொடுத்தேன். வாங்கிக் கண்ணில் ஒற்றி முடிந்துகொண்டார். பிறகுதான் என் பையைப் பார்த்தார். 'பின்னினீங்களா? காட்டுங்க.'

பெருமையாக எடுத்துக் கொடுத்தேன். ஒரு பார்வை. விரல் ஊசி மேல் ஓடியது. 'நாப்பதுதானே போட்டீங்க? நாப்பத்தி மூணு இருக்கு. வரிசை ஆரம்பத்துல நூலை ஊசிக்கு மேல போட்டுட்டீங்க. அப்படிப் போட்டா ஒரு கண்ணி ரெண்டாத் தெரியும்.' சொல்லிக்கொண்டே ஊசியை உருவி நூலை ஒரு இழு இழுத்தார். சர்ர்ர்ரென்று என் மூன்று மணி நேரமும் அவர் மடியில் சுருள் சுருளாக விழுந்தது.

'ஐயோ!' என்றேன்.

'ஏன் பதர்றீங்க? நூலு எங்கயும் போகல' என்று உருண்டையாகச் சுற்றிக் கையில் கொடுத்தார்.

பின்னலில் எனக்குப் பிடித்த விஷயமே இதுதான். துணியை வெட்டித் தைத்தால் தப்பு தப்புதான். பின்னலில் எவ்வளவு தப்பு செய்தாலும் நூல் திரும்பக் கிடைத்துவிடும். பீரோவில் சின்னதாகிப் போன பழைய கை ஸ்வெட்டர் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். ஓரத்தைப் பிரித்து நூலை உருவி, நாற்காலி முதுகில் கண்டாகச் சுற்றி, நாலு இடத்தில் கட்டி, தண்ணீரில் அலசித் தொங்கவிடுங்கள். காய்ந்தால் சுருக்கம் போய்விடும். ஒரு மஃப்ளருக்கு நூல் தயார். செலவு ஒரு ஜோடி ஊசி மட்டும்தான்.

மதுரையில் மஃப்ளர் எதற்கு என்கிறீர்களா? எங்கள் ஆபீஸில் போன வருஷம் ஏ.சி. போட்டார்கள். ரிமோட் மேனேஜர் ரூமில் இருக்கிறது. மனுஷர் குண்டு. பதினெட்டில் வைத்துவிடுகிறார். கொடைக்கானல் இப்போது எங்கள் கேஷ் கவுன்ட்டர் வரை வந்துவிட்டது.

லஞ்ச் நேரத்தில் அரை மணி பின்னுகிறேன். முதல் வாரம் ஆபீஸே வேடிக்கை பார்த்தது. 'எத்தனாவது மாசம்?' ஜோக்கை ஆளுக்கு ஒரு தடவை சொல்லி முடித்தார்கள். மூன்று அடி வந்துவிட்டது. ஒவ்வொரு வரிசையும் எண்ணுகிறேன். நாற்பதுதான்.

போன திங்கட்கிழமை பக்கத்து சீட் நண்பர் தும்மிக்கொண்டே வந்தார். என் பின்னலைத் தொட்டுப் பார்த்தார். 'நல்லா கதகதப்பா இருக்கே சார். எனக்கும் ஒண்ணு பின்னித் தாங்களேன். என்ன ஆகும்?'

பென்சிலை எடுத்து எழுதிக் காட்டினேன். 576 வரிசை. வரிசைக்கு நாற்பது கண்ணி. மொத்தம் இருபத்து மூவாயிரத்து நாற்பது. நேரம், கூலி, நூல் எல்லாம் சேர்த்து, 'மூவாயிரம் ரூபாய்' என்றேன்.

அவர் அந்தக் கணக்கை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கையிலிருந்த என் குல்லாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மெதுவாக, 'அந்த அம்மா இந்த சீசனுக்கும் அங்கேதானே இருக்கும்?' என்று கேட்டார்.

மூவாயிரத்தை இரண்டாயிரமாக்கச் சொல்லவில்லை. அவர் பேரம் பேசாமல் விட்டதை எங்கள் ஆபீஸ் பார்ப்பது அதுதான் முதல் தடவை!